125 சிசி வண்டி, ஒரே வாரத்தில் மைலேஜ் 55-லிருந்து 41: என்ஜின் போர் போய்விட்டதா?

பணகுடிக்காரன்
2025 ஜூலை 6, ஞாயிறு

வணக்கம். இத்தனை நாளும் இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று நானே கேட்க வேண்டியதாகிவிட்டது.

என்னுடையது 2015 மாடல் 125 சிசி வண்டி. கார்புரேட்டர், முன்னும் பின்னும் டிரம் பிரேக், கேபிள் மீட்டர். 61,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வீடு பணகுடி, வேலை நாகர்கோவில். காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி, தோவாளை வழியாக ஒரு பக்கம் 27 கி.மீ. வாரத்தில் ஆறு நாள் போய் வருகிறேன். லிட்டருக்கு 55 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி. ஜூன் கடைசியில் ரிசர்வ் சீக்கிரமே வருவதுபோலத் தெரிந்தது. கணக்குப் போட்டால் 43. அடுத்த தடவை 41. இழுவையும் குறைந்திருக்கிறது. முப்பந்தல் பக்கம் நாலாவது கியரில் போன வண்டிக்கு இப்போது மூன்றாவது போட வேண்டியிருக்கிறது.

பக்கத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்டார். "வண்டிக்கு வயசாச்சு, போர் போயிருக்கும். போர் அடிச்சு பிஸ்டன் மாத்தினா 6,500 ஆகும்" என்றார். போர் என்றால் பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவராம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கட்டணம் கட்டிய கையோடு இருக்கிறேன். செய்துதான் ஆக வேண்டுமென்றால் கடன் வாங்கியாவது செய்துவிடுவேன். ஆனால் அதுதான் காரணமா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கடந்த இரண்டு மாதத்தில் வண்டிக்கு நடந்தது இவ்வளவுதான். மே 10 வாக்கில் ஆயில் மாற்றி, ஏர் ஃபில்டர் புதிது போட்டேன். ஜூன் 14 முன் டயர் மாற்றினேன், பழைய சைஸ்தான், 2.75-18. ஜூன் கடைசியில் ஒரு நாள் மழையில் நன்றாக நனைந்தது. வேறு எதையும் தொடவில்லை.


மதுரைப் பட்டறை
2025 ஜூலை 6, ஞாயிறு

தம்பி, போர் வேலைக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். போர் தேய்வது கோயில் படி தேய்வது மாதிரி. 55 கொடுத்த வண்டி 54 ஆகும், 52 ஆகும், அதற்கே வருடங்கள் பிடிக்கும். ஒரு வாரத்தில் 14 கி.மீ. விழுந்தது என்றால் அது தேய்மானம் இல்லை. ஏதோ ஒரு நாளில் வண்டியில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அந்த நாள் எது என்று பிடித்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது. நீங்கள் தேதியோடு எழுதியிருப்பது நல்லதாகப் போயிற்று.

போர் உண்மையிலேயே போயிருந்தால் வண்டி தானே சொல்லும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும், ஓடிக்கொண்டிருக்கையில் ரேஸை விட்டுப் பிடிக்கும்போதும் சைலன்சரில் நீலப் புகை வரும். ஆயில் குறையும். கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினால் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும், போர் போன வண்டியில் அது தளர்ந்துபோய் இறங்கும். இந்த மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விட்டுப் பார்த்தால் அது வேறு மாதிரிதான் காட்டும். ஐந்தாறு கி.மீ. உங்கள் வழக்கமான வேகத்தில் ஓட்டி வந்து, உடனே என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டுக் கழற்றுங்கள். காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் எரிதல் சரி. கரி அப்பின மாதிரி கறுப்பாக, உலர்ந்து இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஆயில் பிசுக்கோடு ஈரக் கறுப்பாக இருந்தால்தான் பிஸ்டன் ரிங், போர், வால்வு சீல் பக்கம் போக வேண்டும்.

அதுவரை கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட விடாதீர்கள். நல்ல செட்டிங்கைக் கலைத்துவிட்டால் அப்புறம் காரணம் இரண்டாகிவிடும்.


சேலம் நூறுசிசி
2025 ஜூலை 6, ஞாயிறு

இவ்வளவு தேட வேண்டியதே இல்லை நண்பரே. இ20 பெட்ரோல்தான் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) காரணம். எங்கள் தெருவில் எல்லா வண்டிக்கும் மைலேஜ் குறைந்திருக்கிறது. பழைய வண்டிக்கு எத்தனால் ஆகாது. இதற்கு எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது.


கணக்குப்பிள்ளை
2025 ஜூலை 7, திங்கள்

சேலம் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அளவு பொருந்தவில்லை. நான் பெட்ரோல் பங்க்கில் 14 வருடம் மேற்பார்வை வேலை பார்த்தவன். இந்தக் கேள்வியைத் தினமும் யாராவது கேட்பார்கள்.

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்பு 10 சதவீதத்திலிருந்து 20 ஆகும்போது கலவையின் மொத்த ஆற்றல் சுமார் மூன்றரை சதவீதம் குறைகிறது. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் அறிக்கையும், பழைய வகை இருசக்கர வண்டிகளுக்கு இ20-ஆல் 3 முதல் 4 சதவீதம் வரை இழப்பு என்றுதான் சொல்கிறது. 55-க்கு நான்கு சதவீதம் என்றால் இரண்டு கி.மீ. மீதி பன்னிரண்டு எங்கே போயிற்று? எல்லாப் பழியையும் பெட்ரோல்மேல் போட்டுவிட்டால், வண்டியில் உண்மையாகவே இருக்கும் கோளாறு அப்படியே தங்கிவிடும். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

பங்க் அளவில் சந்தேகம் இருந்தால் கேட்கத் தயங்காதீர்கள். எடையளவுத் துறை முத்திரை வைத்த 5 லிட்டர் அளவை ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மி.லி. வரைதான் வித்தியாசம் அனுமதி. அதாவது அரை சதவீதம்.

இப்போது முக்கியமான விஷயம். ரிசர்வ் விழுந்ததிலிருந்து ரிசர்வ் விழும்வரை என்று அளக்கிறீர்கள் என நினைக்கிறேன். அதை நம்பாதீர்கள். ஏற்றத்தில் ஒரு இடத்தில் விழும், சமதரையில் வேறு இடத்தில் விழும், வளைவில் சாய்ந்தால் இன்னும் முன்னால் விழும். டேங்க் ஃபுல் முறைதான் சரி. அதிலும் மூன்று கவனம் வேண்டும். வண்டி மெயின் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், சைடு ஸ்டாண்டில் நிற்கவைத்தால் மட்டம் ஏமாற்றிவிடும். அதே பங்க், முடிந்தால் அதே பம்ப், அதே மட்டம். மூன்று லிட்டர் தீர்ந்ததும் நிரப்பிக் கணக்குப் போடாதீர்கள். நிரப்பும் மட்டத்தில் 300 மி.லி. கூடக்குறைய இருந்தாலே கணக்கு பத்து சதவீதம் தப்பிவிடும். ஆறேழு லிட்டர் தீரட்டும், பிறகு நிரப்புங்கள். மீட்டர் எண்ணையும் லிட்டரையும் தாளில் எழுதி வையுங்கள். மனக்கணக்கு வேண்டாம்.


பல்லடம் காற்றாலை
2025 ஜூலை 7, திங்கள்

அண்ணா, நீங்கள் ஓட்டும் சாலையைப் பற்றி யாரும் பேசவில்லையே. முப்பந்தலும் ஆரல்வாய்மொழியும்! தமிழ்நாட்டிலேயே காற்றாலைகள் அதிகம் நிற்கும் இடங்களில் ஒன்று. எங்கள் ஊருக்குப் பாலக்காட்டுக் கணவாய் எப்படியோ, உங்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் அப்படி. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து அடிக்கும் காற்று அந்தச் சந்துக்குள் நுழைந்து வேகம் பிடிக்கும். நீங்கள் காலையில் நாகர்கோவில் போவது நேராக அந்தக் காற்றின் முகத்துக்கு.

"மாலையில் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளுமே, சரியாகப் போய்விடாதா?" என்று கேட்பார்கள். போகாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 50-ல் ஓட்டுகிறீர்கள், எதிர்க்காற்று 30 என்றால் வண்டிக்கு அது 80 வேகக் காற்று. 80-ஐ 80-ஆல் பெருக்கினால் 6,400. திரும்பும்போது 20, அதன் வர்க்கம் 400. இரண்டுக்கும் சராசரி 3,400. காற்றே இல்லாத நாளில் இரண்டு பக்கமும் 2,500. ஆக மாலையில் கிடைப்பது காலையில் இழந்ததை ஈடுகட்டாது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மைலேஜ் நாலைந்து பறப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் 14 போகும் என்று நான் சொல்ல மாட்டேன். போன வருட ஜூலையில் எவ்வளவு கொடுத்தது என்று குறிப்பு இருக்கிறதா? ஜூலையை ஜூலையோடுதான் ஒப்பிட வேண்டும்.


பணகுடிக்காரன்
2025 ஜூலை 9, புதன்

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் பதில் எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை.

மதுரை அண்ணாச்சி சொன்னபடி பார்த்தேன். நீலப் புகை இல்லை. தம்பியை ஓட்டச் சொல்லி, பின்னால் இன்னொரு வண்டியில் போய்க்கூடப் பார்த்தேன். ஆயில் மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவே, மே மாதம் ஊற்றியபோது இருந்த இடத்தில்தான் இருக்கிறது. கிக்கர் நன்றாக முட்டுகிறது.

பிளக்கை வடக்கன்குளம் வரை ஓட்டிவிட்டு வந்து கழற்றினேன். நுனி வெளிர்க் காப்பி நிறம். ஓரத்தில் லேசான கறுப்பு வளையம். பிசுக்கு இல்லை. படம் இணைத்திருக்கிறேன்.

காற்று இரண்டு டயரிலும் சரி, முன் 25, பின் 29. திங்கள் இரவு டேங்க் ஃபுல் செய்து மீட்டரைக் குறித்திருக்கிறேன்.


மதுரைப் பட்டறை
2025 ஜூலை 9, புதன்

படம் பார்த்தேன். தம்பி, உங்கள் என்ஜின் நன்றாக இருக்கிறது. இந்தப் பிளக்கை வைத்துக்கொண்டு போர் அடிக்கச் சொன்னால் நான் மாட்டேன் என்பேன்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்யக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக் முழுதாகத் திரும்பாமல் மாட்டியிருந்தாலோ, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை மூடும் ஃப்ளோட் ஊசி உட்காராமல் பெட்ரோல் வழிந்தாலோ, ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலோ பிளக் கறுத்திருக்கும். மைலேஜ் போச்சு என்று வருகிற கார்புரேட்டர் வண்டிகளில் நான் முதலில் கை வைப்பது சோக்கில்தான். மழைக்காலக் காலையில் இழுத்துவிட்டு மறந்திருப்பார்கள், அல்லது கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றிருக்கும். உங்களுடையதில் அது இல்லை.

பெட்ரோல் ஒழுங்காகத்தான் எரிகிறது. அப்படியானால் எரிந்து கிடைத்த சக்தி சக்கரத்துக்குப் போகிற வழியில் எங்கோ வீணாகிறது. கிளட்ச் நழுவுகிறதா பாருங்கள். நாலாவது கியரில் 40-ல் போகும்போது சட்டென்று முறுக்கினால் என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி பின்தங்கினால் கிளட்ச். செயின் இறுக்கமா, காய்ந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். கீழ்ப் பக்க நடுவில் விரலால் அழுத்தினால் இரண்டு, இரண்டரை செ.மீ. ஆட வேண்டும்.


வேளச்சேரி
2025 ஜூலை 10, வியாழன்

கார்புரேட்டர் இல்லாத வண்டிக்காரர்கள் யாராவது பிற்பாடு இந்த இழையைப் படித்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

என்னுடையது பிஎஸ்6 (புதிய புகைக்கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டி, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். போன வருடம் 48-லிருந்து 38-க்கு வந்தது. மீட்டரில் என்ஜின் விளக்கு எரியவில்லை, அதனால் சர்வீஸ் செய்த இடத்தில் எல்லாம் சரி என்றே சொல்லி அனுப்பினார்கள். என்ஜின் சூடான பிறகும் ஐடிலிங் குறையவில்லை, சைலன்சர் வாயில் கரி, பெட்ரோல் வாடை. கடைசியில் என்ஜின் வெப்பநிலை சென்சாரின் கனெக்டரில் பச்சையாகப் பூத்திருந்தது. அந்த சென்சார் குளிர்ந்திருக்கும்போது அதிக மின்தடையும், சூடானால் குறைந்த மின்தடையும் காட்டும். கனெக்டர் அழுக்கால் தடை கூடியதும், என்ஜின் இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்து, கூடுதலாகப் பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கம்பி அறுந்திருந்தால் விளக்கு எரிந்திருக்கும். தடை கொஞ்சம் கூடினால் அதற்குத் தெரியாது. சுத்தம் செய்ததும் 47 வந்துவிட்டது.

பழைய வண்டியில் சோக் மாட்டிக்கொள்வதும் புதிய வண்டியில் இதுவும் ஒரே நோய்தான்.


பணகுடிக்காரன்
2025 ஜூலை 13, ஞாயிறு

ஒரு வாரக் கணக்கு முடிந்தது. திங்கள் இரவு நிரப்பியதிலிருந்து இன்று காலை வரை மீட்டரில் 298 கி.மீ. அதே பங்க், மெயின் ஸ்டாண்ட், அதே மட்டம். பிடித்தது 7.2 லிட்டர். 41.4 வருகிறது. ஆக என் பழைய கணக்கு தப்பில்லை, மைலேஜ் உண்மையாகவே விழுந்திருக்கிறது.

கிளட்ச் நழுவவில்லை. செயின் சரியான தளர்ச்சியில் இருக்கிறது, எண்ணெய் விட்டேன்.

பல்லடம் தம்பி கேட்டது நல்ல கேள்வி. வீட்டுக்காரி செலவு நோட்டு வைத்திருக்கிறாள், அதில் பெட்ரோலும் லிட்டரோடு இருக்கிறது. போன வருட ஜூலையில் வாரத்துக்கு 6.3, 6.4 லிட்டர்தான் ஆகியிருக்கிறது. கணக்குப் போட்டால் 51 வருகிறது. மார்ச்சில் 55. எனக்கு 55 மட்டும்தான் மனதில் தங்கியிருக்கிறது, காற்றுக் காலத்தில் ஒவ்வொரு வருடமும் இறங்கியதை நான் கவனிக்கவே இல்லை. சரி, 51 என்று வைத்தாலும் பத்து கி.மீ. குறைகிறதே.


கணக்குப்பிள்ளை
2025 ஜூலை 13, ஞாயிறு

தம்பி, இந்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்தீர்களா?


பணகுடிக்காரன்
2025 ஜூலை 13, ஞாயிறு

இல்லை அண்ணாச்சி. செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாள் வேலைக்குப் போனேன். திங்கள் ஆபீஸ் விட்டு வந்து, வீட்டுக்கு இந்தப் பக்கம் பங்க்கில் நிரப்பியது. வெள்ளி இரவு மட்டும் ஒரு அவசரத்துக்கு மறுபடி நாகர்கோவில் ஆஸ்பத்திரி வரை போய் வந்தேன். ஆக மொத்தம் ஆறு தடவை. ஏன் கேட்கிறீர்கள்?


கணக்குப்பிள்ளை
2025 ஜூலை 13, ஞாயிறு

முதல் பதிவில் ஒரு பக்கம் 27 கி.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். போக வர 54. ஆறு தடவைக்கு 324. உங்கள் மீட்டர் 298 என்கிறது. 26 கி.மீ. எங்கே?

லிட்டர் பொய் சொல்லவில்லை. கிலோமீட்டர்தான் இடிக்கிறது. நாளைக்கு வீட்டு வாசலிலிருந்து வேலை இடம் வரை மீட்டரை மட்டும் பாருங்கள். முடிந்தால் நான்குவழிச் சாலையில் கிலோமீட்டர் கற்களை வைத்துப் பத்து கி.மீ. அளந்து பாருங்கள், இரண்டு தடவை.


பணகுடிக்காரன்
2025 ஜூலை 15, செவ்வாய்

அண்ணாச்சி, பத்து வருடமாக ஒரே சாலையில் ஓட்டுகிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை.

நேற்றுப் போகும்போது மீட்டரில் 24.6. திரும்பும்போது 25.1. இதே வழி, இதே வாசல். எப்போதும் 27 காட்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்று காலை கொஞ்சம் முன்னாடியே கிளம்பி வள்ளியூர் பக்கம் போய் கற்களை வைத்து அளந்தேன். பத்து கல்லுக்கு ஒரு தடவை 9.0, திரும்பி வரும்போது 9.3. கவனித்துப் பார்த்தால் ஸ்பீடோமீட்டர் முள்ளும் நடுங்குகிறது. சில நேரம் ஒரு கணம் கீழே விழுந்து எழுகிறது.

புது டயரால் இப்படி ஆகுமா?


மதுரைப் பட்டறை
2025 ஜூலை 15, செவ்வாய்

டயர் சைஸால் இல்லை. 2.75 இருந்த இடத்தில் 3.00 போட்டிருந்தால்கூட சுற்றளவு சுமார் இரண்டு சதவீதம்தான் கூடும், மீட்டர் அந்த அளவுக்கு மட்டுமே குறைத்துக் காட்டும். அதுவும் எல்லா நேரமும் ஒரே மாதிரி காட்டும். உங்களுக்கு 9.0 ஒரு தடவை, 9.3 ஒரு தடவை. மாறி மாறி வந்தால் ஏதோ வழுக்குகிறது என்று அர்த்தம்.

கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு வணக்கம். பட்டறையில் உட்கார்ந்திருந்தால் இதை நான் பிடித்திருக்க மாட்டேன். வண்டி என்னிடம் வந்தால் என்ஜினைத்தான் பார்ப்பேன், மீட்டரை யார் சந்தேகப்படுவார்கள்?

இப்போது அந்த நாள் தெரிந்துவிட்டது. ஜூன் 14. முன் சக்கரம் கழன்ற நாள்.

முன்னால் டிரம் பிரேக் இருக்கும் உங்கள் மாதிரி வண்டிகளில் மீட்டர் கேபிளை ஓட்டும் சின்னப் பல்சக்கரம் பிரேக் பிளேட்டுக்குள்ளேயே இருக்கும். அதைச் சுற்றவைக்கும் வளையத்துக்கு இரண்டு காது. அந்தக் காதுகள் சக்கர ஹப்பில் இருக்கும் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். உட்காரவைக்காமல் ஆக்ஸிலை (சக்கரத்தின் நடுத்தண்டை) முடுக்கினால் காது வளைந்துவிடும். வளைந்த காது பிடித்தும் விட்டும் சுற்றும். மீட்டர் குறைத்துக் காட்டும்.

ஆனால் தம்பி, இதோடு முடியவில்லை. 324-ஐ 7.2-ஆல் வகுத்தால் 45. போன ஜூலையில் 51. இ20-க்கு ஒன்றிரண்டு கழித்தாலும் நாலைந்து இன்னும் பாக்கி. அதே பிளேட்டில்தான், டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூவும் இருக்கிறது. காது சரியாக உட்காராத பிளேட் நேராகவும் உட்கார்ந்திருக்காது. ஷூ ஒரு பக்கமாக உரசிக்கொண்டே இருக்கும்.

சோதிப்பது சுலபம். நாலைந்து கி.மீ. ஓட்டுங்கள், முன் பிரேக்கைத் தொடாதீர்கள். பாதுகாப்பான, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, பின் பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடித்து நிறுத்துங்கள். என்ஜினை ஓட்டத்தில் அணைக்க வேண்டாம். இறங்கி முன் டிரம்மின் பக்கத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கையை உடனே வைக்காதீர்கள், சுட்டுவிடும். தொடாத பிரேக் சூடாக இருக்கக் கூடாது. அப்புறம் மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி, முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். தானாகப் பல சுற்றுச் சுற்ற வேண்டும்.


பணகுடிக்காரன்
2025 ஜூலை 17, வியாழன்

தண்ணீர் விட்டதும் சர்ரென்று ஆவியாகிவிட்டது. நான் தொட்ட பின் பிரேக் வெதுவெதுப்புதான், தொடாத முன் பிரேக் கொதிக்கிறது. சக்கரத்தைச் சுற்றிவிட்டால் ஒரு சுற்று முழுதாகப் போகவில்லை, ஒரே இடத்தில் உரசும் சத்தத்தோடு நிற்கிறது.

இதோடு ஒரு மாதமாக ஓட்டியிருக்கிறேன். மனைவியும் பிள்ளையும் ஏறிப் போனது நினைவு வந்து ஒரு மாதிரி ஆகிவிட்டது. மழையில் இது இறுகிப் பிடித்திருந்தால்?


மதுரைப் பட்டறை
2025 ஜூலை 17, வியாழன்

அந்தக் கவலை நியாயமானது. இன்றே லீவர் முனையில் இருக்கும் அட்ஜஸ்ட் நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள், உரசல் குறையும், ஆனால் பிரேக் பிடிக்கிறதா என்று மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாலைக்குப் போக வேண்டும். ஞாயிறு வரை வேலைக்கு பஸ்ஸில் போக முடிந்தால் போங்கள்.

சரிசெய்யும்போது கூடவே நில்லுங்கள். பிளேட்டை வெளியே எடுத்து, தூசியைத் துடைத்து, அந்த வளையத்தைப் புதிது போட்டு, பல்சக்கரத்துக்கும் பிரேக் கேம் தண்டுக்கும் கிரீஸ் வைக்க வேண்டும். ஷூவில் கிரீஸ் படக் கூடாது. பிளேட்டில் இருக்கும் பள்ளம் ஃபோர்க்கில் இருக்கும் முட்டில் உட்கார வேண்டும். கடைசியில் ஒன்று, பலரும் விட்டுவிடுவது: ஆக்ஸில் நட்டை முழுதாக முடுக்கும் முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே முடுக்க வேண்டும். அப்போதுதான் ஷூ டிரம்மின் நடுவில் போய் உட்காரும்.


தஞ்சை ஆசிரியை
2025 ஜூலை 17, வியாழன்

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். என் ஸ்கூட்டரும் இரண்டு வாரமாக 45-லிருந்து 37-க்கு வந்துவிட்டது. இந்த இழையைப் படித்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், உரசல் இல்லை. வேறு எங்கே பார்க்கலாம்?


கணக்குப்பிள்ளை
2025 ஜூலை 18, வெள்ளி

அம்மா, முதலில் காற்று. ஓடி வந்த சூட்டில் பார்த்தால் கூடக் காட்டும், காலையில் ஆறியிருக்கும்போது பாருங்கள். அது சரியாக இருந்தால் பெல்ட்டும் ரோலரும் தேய்ந்திருக்கிறதா என்று பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள்.


தஞ்சை ஆசிரியை
2025 ஜூலை 19, சனி

பின் டயரில் 14-தான் இருந்தது ஐயா! டியூப்லெஸ் என்பதால் வெளியே தெரியவில்லை. ஒரு சிறிய ஆணி. எடுத்து ஒட்டியாயிற்று. மிக்க நன்றி.


பணகுடிக்காரன்
2025 ஜூலை 20, ஞாயிறு

இன்று காலை சரிசெய்தாயிற்று. வேறொரு சின்னப் பட்டறை, பெரியவர் ஒருவர். நான் பக்கத்திலேயே நின்றேன், அவரும் ஒவ்வொன்றாகக் காட்டினார். வளையத்தின் ஒரு காது மடிந்து நசுங்கியிருந்தது, இன்னொன்று பாதி வளைந்திருந்தது. ஒரு ஷூவின் ஒரு முனை மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தது, மறுமுனையில் தூசி அப்படியே இருந்தது. அதைத் தேய்த்துச் சமப்படுத்தினார். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலை முடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன்பே அவரே பையனைக் கூப்பிட்டு "லீவரைப் பிடிடா" என்றார்.

வளையம், கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து 280 ரூபாய். சக்கரம் இப்போது சுற்றிக்கொண்டே இருக்கிறது. மீட்டர் முள் நடுங்கவில்லை. மாலையில் டேங்க் ஃபுல் செய்துவிட்டேன்.


பணகுடிக்காரன்
2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

இரண்டு வாரக் கணக்கு. முதல் வாரம் 325 கி.மீ., 6.5 லிட்டர், சரியாக 50. இரண்டாவது வாரம் 324 கி.மீ., 6.4 லிட்டர், 50.6. முப்பந்தலில் காற்று இன்னும் ஆளைத் தள்ளுகிறது, ஆனாலும் நாலாவது கியரிலேயே போகிறேன்.


சேலம் நூறுசிசி
2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் நண்பரே. இதைப் படித்தபின் என் வண்டியிலும் டேங்க் ஃபுல் முறையில் அளக்க ஆரம்பித்திருக்கிறேன். பின் பிரேக் லேசாக உரசுகிறது, நாளைக்குப் பட்டறைக்குப் போகிறேன்.


மதுரைப் பட்டறை
2025 ஆகஸ்ட் 4, திங்கள்

தம்பி, அந்த முதல் மெக்கானிக்கிடமும் போய்ச் சொல்லுங்கள். சண்டைக்கு இல்லை. அவருக்கும் தெரிந்தால் அடுத்து வருகிறவருக்கு உதவும். என் பட்டறையில் இப்போது மைலேஜ் என்று யார் வந்தாலும், பத்து கல்லுக்கு மீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.


பணகுடிக்காரன்
2025 அக்டோபர் 26, ஞாயிறு

காற்று அடங்கிவிட்டது. போன வாரம் 325 கி.மீ., 6.0 லிட்டர். 54.

முதல் மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன் மதுரை அண்ணாச்சி. மடிந்த வளையத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன்.